அணி வகுத்தல்

மக்கட்கு விளையாட்டு வேண்டுமோ வேண்டாவோ என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடை காண்பதிலே பொழுது போக்குவார் பலர். விளையாடாத மக்கட்கூட்டம் யாண்டும் இல்லையாதலின் அவ்வினா எனக்கு வேண்டுவதன்று. எவ்விளையாட்டு எதனைக் கற்பிக்கின்றது என்பதே ஆராயத்தக்கது. நம் பாட்டிமார் திண்ணையிற் கரிக்கோடு இழுத்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உள. தனி ஆடு எதுவும் புலியை வெல்லாது. ஆடுகள் கூடி நிற்கும் நிலையே புலியைக் கட்டும். வலிமை என்பது ஒருவன் உடலில் இருப்பதன்று, பலர் நிற்கும் நிலையில் இருப்பது என்பதை அவ்வாட்டம் எழுத்தறியாத சிறுவர்க்கும் கற்பித்தது. இக்காலத்து இளைஞர் கைப்பேசியில் ஆடும் போகிமான் என்னும் விலங்குப்போர் ஆட்டமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது என் கருத்து. அதுபற்றிச் சில கூறப் புகுந்தேன். பெரியோர் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாது இறுதிவரை படித்தருள வேண்டுகின்றேன்.

யான் பிறந்து வளர்ந்த தண்டலம், சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு இப்பால் உள்ளது. செம்பரம்பாக்கத்து ஏரி எங்கட்கு அணித்து. 1998 ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் செய்யத் தொடங்கியது முதல், ஒரகடம் வரையில் உள்ள நிலமெல்லாம் தொழிற்சாலைகளாய் மாறிவந்தது. நெற்களம் இருந்த இடங்களில் இன்று கம்பெனி பஸ்கள் வரிசையாய் நிற்கின்றன. ஊரார் பலர் மாடி எழுப்பி அறைகளை வாடகைக்கு விட்டனர். எங்கள் இல்லத்து மாடியிலும் 3 அறைகள் உள. திருவண்ணாமலை, தருமபுரி, திருநெல்வேலி முதலிய இடங்களினின்றும், ஒடிசாவினின்றும் வந்த இளைஞர் அவற்றிற் குடியிருக்கின்றனர். ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று பகலும் இரவும் மாறி மாறி உழைக்கும் அவர்கள் அனைவரும் ஒருங்கு கூடும் வேளை ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றே. அப்பொழுது மொட்டைமாடியில் நடப்பதே யான் சொல்லவந்த போர்.

இவ்வாட்டத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். ஜப்பானியராகிய சடோஷி தாஜிரி என்பார் இளமையிற் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்புடையவர். அவ்விருப்பத்தினின்றே, அவரும் அவர்தம் கேம் ஃபிரீக் நிறுவனத்தாரும் 1996 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இதனை வெளியிட்டனர். முதற்கண் 151 விலங்குகள் இருந்தன. இப்பொழுது ஆயிரத்துக்கு மேற்பட்டன. ஒவ்வொன்றும் நெருப்பு, நீர், புல், மின்சாரம் முதலிய இனங்களுள் ஒன்றையோ இரண்டையோ சார்ந்தது. நீர் நெருப்பை வெல்லும்; நெருப்பு புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். இங்ஙனம் எல்லாவற்றையும் வெல்வது ஒன்றுமில்லை என்பதே ஆட்டத்தின் அடிப்படை. முதல் ஆட்டத்தில் மனோசக்தி இனம் மிகுந்து ஓங்கவே, 1999 ஆம் ஆண்டில் இருள், எஃகு என்னும் இரண்டினங்களைச் சேர்த்தனர். பின்னர் டிராகன் இனம் ஓங்கவே, 2013 ஆம் ஆண்டில் டிராகனின் தாக்குதல் சிறிதும் படாத தேவதை இனத்தைப் படைத்தனர். இனங்கள் 18 ஆயின.

போட்டியாட்டத்தின் முறை வருமாறு: ஒவ்வொருவரும் 6 விலங்குகளை அணியாகக் கொணர்வர், எதிரியின் ஆறினையும் பார்த்தபின், தம் ஆறனுள் நான்கினை மட்டும் தேர்ந்து களத்திற்கு விடுவர், ஒரு வேளையில் இருபுறமும் இவ்விரண்டு நின்று பொரும். 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் என்னும் ஆட்டங்களில் ஒரு விலங்கிற்குப் பயிற்சிப் புள்ளிகள் 510 வரை கொடுக்கலாம். ஒரு குணத்திற்கு 252க்கு மேல் ஆகாது. எனவே இரண்டு குணங்களை நிரப்பிய பின் எஞ்சுவன 6 புள்ளிகளே. விரைவும் வலிமையும் வேண்டுவார் உடலுறுதியை இழப்பர். உறுதி வேண்டுவார் விரைவை இழப்பர். எல்லா நலனும் ஓரிடத்துப் பொருந்தா என்பதை இதனினும் தெளிவாக எக்கணக்குக் கூறும்?

இனி, இளைஞர் ‘மெட்டா’ என்று வழங்கும் சொல்லொன்று உளது. மேலானது, அப்பாலது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது அது. களத்தில் நிகழ்வது ஓர் ஆட்டம். களத்திற்கு வருமுன், ‘இந்நாளில் மற்றையோர் எதனைக் கொணர்வர்? அதற்கு எதிராய் யான் எதனைக் கொணர்வது?’ என்று எண்ணுவது அதற்கு அப்பாலுள்ள ஆட்டம். அதுவே மெட்டா. இலவசமாய் ஆடத்தகும் ஷோடவுன் என்னும் தளத்தின் ஆட்டங்களினின்று, எவ்விலங்கினை எத்துணைப் பேர் கொள்கின்றனர் என்று திங்கள்தோறும் கணக்கெடுக்கின்றனர். ஒற்றைக்கு ஒற்றை பொரும் முறையில், நூற்றுக்கு 4.52 அணிகளில் இடம்பெறும் விலங்கே பெருவழக்கினது எனப்படும். அவ்வெண் எங்ஙனம் வந்ததெனில், 15 ஆட்டங்கள் ஆடுவான் ஒருவன் அவ்விலங்கை ஒருமுறையேனும் எதிர்ப்படுதற்குச் சரிபாதி வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்னும் கணக்கினின்று வந்தது. சிறுவர் ஆட்டம் என்று இகழப்படுவதனுள் நிகழ்தகவுக் கணிதம் இங்ஙனம் பொதிந்து கிடக்கின்றது.

இவ்வெண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. புறப்பொருள் வெண்பாமாலை என்னும் நூலின் திணைப்பகுப்பை நோக்குக. வெட்சி சூடி ஆநிரை கவர்வார்க்கு எதிரே, கரந்தை சூடி மீட்பார் உளர். வஞ்சி சூடி மேற்செல்வார்க்கு எதிரே, காஞ்சி சூடிக் காப்பார் உளர். உழிஞை சூடி மதில் வளைப்பார்க்கு எதிரே, நொச்சி சூடி மதில் காப்பார் உளர். ஒவ்வொரு தாக்குதற்கும் அதற்குரிய மாற்று ஒன்று உண்டு என்பதே அப்பகுப்பின் உட்பொருள். திருவள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தனர். தன் வலி மட்டும் அறிந்தவன் மூன்றில் ஒரு பங்கே அறிந்தவன்.

எங்கள் மாடியில் ஆடுவோர் எண்மர். அவருள் மூத்தவர் திருவண்ணாமலைப் பக்கத்தார். வண்டி உறுப்புக்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளர். அவரை யாங்கள் அண்ணன் என்போம். அவர் என்னைத் தம்பி என்பார். ஊரிலுள்ள தங்கையின் கல்லூரிச் செலவு அவர் சம்பளத்தினின்றே செல்கின்றது. அவர் ஆடிய ஆட்டமே இக்கட்டுரைக்கு உயிர் என்பதால் அதனைச் சிறிது விரித்துரைப்பேன்.

தொடக்கத்தில் எண்மருள் எழுவர் விரைவையே நாடினர். விரைந்து செல்வது முந்தித் தாக்கும். ‘பின்காற்று’ என்னும் உத்தியை ஏவினால் 4 சுற்றுகள் வரை அணியின் விரைவு இருமடங்காகும். அண்ணனோ டார்க்கோல் என்னும் ஆமையைக் கொணர்ந்தார். எல்லோரும் நகைத்தனர். அவர், “தம்பி, எல்லாரும் ஓடக் கற்றிருக்கிறார்கள். நாம் ஓட்டத்தையே குற்றமாக்கி விடுவோம்” என்றார். ‘மாய அறை’ என்று யாங்கள் பெயரிட்ட உத்தி ஒன்று உளது. அதனை ஏவினால், 5 சுற்றுகள் வரை மெதுவாய்ச் செல்வதே முந்தித் தாக்கும். ஆமையோ களத்தில் இறங்கியவுடன் கடுவெயிலை வருவிக்கும். வெயிலில் நெருப்பின் வலி ஒன்றரை மடங்காகும். ஆமையின் எரிமலைத் தாக்குதல் எதிரே நிற்கும் இரண்டின்மேலும் ஒருங்கே பாயும். ஆமை காயமுறாதிருக்கும்வரை அத்தாக்குதலின் வலி நிறைந்திருக்கும். காயம் மிகமிக வலி குறையும்.

இதில் நுண்ணிய செய்தி ஒன்று. எதிரி பெலிப்பர் என்னும் கூழைக்கடாவைக் கொணர்ந்தால் அது மழையை வருவிக்கும். ஆமையும் கூழைக்கடாவும் ஒருங்கே இறங்கினால் நிலைப்பது மழையோ வெயிலோ? விரைந்தது முன்னே மழையை வருவிக்கும். மெதுவானது பின்னே வெயிலை வருவிக்கும். பின்னே வந்ததே நிற்கும். சபையில் இறுதியிற் பேசியவன் சொல் நிலைப்பது போன்றது இது. ஆமையின் மந்தமே அதற்குப் படைக்கலமாயிற்று.

இம்முறையை அண்ணன் கண்டுபிடித்தாரல்லர். உலகெங்கும் ஆடுவோர் அறிந்ததே. எங்கள் மாடியில் அதற்குக் காலம் கனிந்தது என்பதைக் கண்டதே அவர் திறன். 4 ஞாயிறுகள் அவரை வெல்வார் இலர். ஐந்தாம் ஞாயிற்றில் நிலை மாறிற்று. தருமபுரித் தம்பி, மாய அறையைத் தானும் ஏவினால் அது கலைந்துவிடும் என்று கற்றுவந்தான். மற்றொருவன், உத்தி ஏவுவதையே தடுக்கும் சீண்டலைக் கொணர்ந்தான். ஒடிசா நண்பர் அமூங்கஸ் என்னும் காளானைக் கொணர்ந்தார், அதுவும் மந்தமானதே, எனவே மாய அறையுள் விரைந்தவற்றை முந்தி உறங்கவைத்தது. ஆமை தோற்றது. உடனே அண்ணன் ஆமையை நீக்கினார்; விரைவணிக்குத் திரும்பினார். ஆமைக்கு மாற்றுத் தேடி எல்லோரும் மந்தமானவற்றைக் கொணர்ந்திருந்தமையின், பழைய விரைவு மீண்டும் வென்றது. மூன்று திங்களில் சக்கரம் ஒருமுறை சுழன்று நின்ற இடத்திற்கே வந்தது.

யான் விலங்கியல் மாணவன். இச்சக்கரத்தைக் கண்டவுடன் வகுப்பிற் படித்த பல்லியொன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் வாழும் ஒருவகைப் பல்லியில் ஆண்கள் மூவகைப்படும். செம்மஞ்சட் கழுத்துடையன வலிமையாற் பெருநிலத்தைக் கவர்ந்து பல பெண்களைக் கொள்ளும். அவை நீலக் கழுத்தினவற்றை வெல்லும். நீலக் கழுத்தின தம் துணையை அணுகியிருந்து காப்பன. அவை மஞ்சட் கழுத்தினவற்றை வெல்லும். மஞ்சட் கழுத்தின பெண்ணைப்போல் தோன்றிப் பெருநிலக்காரனை ஏமாற்றி உள்ளே நுழைவன. அவை செம்மஞ்சளை வெல்லும். ஒருவகை பெருகப் பெருக, அதனை வெல்லும் வகைக்கு நற்காலம் பிறக்கும். சினெர்வோ, லைவ்லி என்னும் அறிஞர் இருவர் இதனை 1996 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். போகிமான் பிறந்ததும் அவ்வாண்டே என்பது இனியதோர் ஒற்றுமை. பெரும்பான்மையாய் இருத்தலே ஓர் ஆபத்து என்பதைப் பல்லியும் அறிந்துளது.

அங்ஙனமாயின் பெரும்பான்மைக்கு மாறாய் நிற்பதே அறிவோ? அன்று. 2014 ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப்போட்டியில் கொரிய நாட்டு இளைஞர் செஜுன் பார்க் என்பார் வாகை சூடினார். அவர் அணியில், எவரும் பொருட்படுத்தாத பாச்சிரிசு என்னும் மின்னணில் ஒன்று இருந்தது. எதிரியின் தாக்குதலைத் தன்பால் ஈர்த்துக்கொண்டு, மின்னலையே உணவாக ஏற்று, வலிய துணைவரைக் காத்தது அச்சிறு உயிர். சேதுவுக்கு மணல் சுமந்த அணிற்பிள்ளையின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது தேனாய் இனிக்கின்றது. எனினும் அதனைப் புகழ்வார் பலர் ஒன்றை மறக்கின்றனர். அவர் அணியில் அணில் ஒன்றே. ஏனையவை கார்ச்சோம்ப், கையரடோஸ், டலான்ஃபிளேம் முதலிய பெயர்பெற்ற வலியனவே. ஆறும் அணிலாய் இருந்திருப்பின் அவர் முதற்சுற்றிலேயே வீடு திரும்பியிருப்பார். வலியன என்ன செய்யும், வலியவற்றை எதிரி எதனால் தாக்குவான் என்று முற்ற அறிந்தபின்னரே, அவ்வொரு குறையை நிரப்ப அணிலைத் தேடினார். ஐந்து உறுதி, ஒன்று துணிவு: இதுவே அணி வகுத்தலின் நெறி என்று யான் உணர்ந்தேன். நம் நாட்டவரும் இத்துறையிற் பின்தங்கினாரல்லர். 2025 ஆம் ஆண்டில் அனஹைம் நகரில் நடந்த உலகப்போட்டியில், போகிமான் கோ என்னும் பிரிவில், ‘பீல்செபாய்’ என்னும் ஆட்டப்பெயருடைய இந்திய இளைஞர் வாகை சூடினார்.

இதுகாறும் கூறியது ஆட்டம். இனி வாழ்க்கை. சென்ற ஆண்டு அண்ணன் பணிபுரிந்த தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவிற்கு இயந்திரக் கைகள் வந்திறங்கின. ஒப்பந்தம் முடியும் நாளோடு 11 பேர் விலகல் வேண்டும் என்று அறிவித்தனர். அவருள் அண்ணனும் ஒருவர். அவ்வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாடியில் எவரும் கைப்பேசியை எடுத்திலர். பதினொருவருள் பலர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக் கிடங்குகளிற் சேர முடிவு செய்தனர். அது குற்றமன்று, கிடங்குகள் எங்கள் பக்கம் நிரம்ப உள. ஆயினும் அண்ணன், “எல்லாரும் அந்த வாசலுக்கே போகிறார்கள். நாளைக்கு அங்கே கூலி என்ன ஆகும்?” என்றார். பிறகு சிறிது பொறுத்து, “என் வேலையை எடுத்துக்கொண்டது அந்தக் கைதான். அந்தக் கை பழுதானால் யாரைக் கூப்பிடுவார்கள்?” என்றார்.

தருமபுரித் தம்பி உடன்படவில்லை. “அண்ணே, அங்கே தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. இங்கே தோற்றால் அடுத்த மாச வாடகை இல்லை. தங்கச்சிக்கு ஃபீஸ் யார் கட்டுவது?” என்று வினவினான். அனைவரும் வாய்மூடி இருந்தோம். அவன் கூறியது முற்றும் மெய். ஆட்டத்தில் ஆறனைத் தேர்வதற்கு விலையில்லை. தவறினால் மறுகணம் மாற்றலாம். வாழ்விலோ ஒவ்வொரு தேர்வும் ஆண்டுகளை விலையாகக் கேட்கும். செல்வமுடையான் பன்முறை தோற்கலாம்; அண்ணன் போல்வார் ஒருமுறை தோற்பதும் அரிது. புதுவழி செல்க என்று ஏழைக்கு எளிதில் உபதேசிப்பவர் இவ்வேற்றுமையை எண்ணிப்பார்ப்பதில்லை.

அண்ணன் கூறிய விடை இது: “அதனால்தானடா ஒன்றே ஒன்று. ஐந்தைத் தொடமாட்டேன்.” அங்ஙனமே செய்தார். வேறொரு தொழிற்சாலையிற் பழைய வெல்டிங் வேலையையே சற்றுக் குறைந்த சம்பளத்திற்கு ஏற்றார். ஊருக்குப் பணம் அனுப்புவதை ஒரு திங்களும் நிறுத்திலர். ஞாயிறு காலையில் மட்டும் ஒரு பயிற்சி நிலையத்திற்குச் சென்று இயந்திரக் கைகளை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்று வருகின்றார். அவர்க்கு வெற்றி வந்துவிட்டது என்று யான் எழுதினால் அது பொய். நிலைத்த பணி இன்னும் கிட்டிற்றில்லை. இதுவரை இருமுறை, இரவில் நின்றுபோன கையொன்றை நோக்குதற்கு அவரை மேற்பார்வையாளர் அழைத்தனர். இரண்டாம் முறை அது அவர் கையால் ஓடிற்று. அவ்வளவே. ஆயினும் அவ்விரவு அவர் மாடிப்படி ஏறிவந்த ஓசையில் ஒரு மாற்றம் இருந்ததை என் அன்னையாரும் கேட்டனர்.

என்னையும் சுற்றத்தார் வினவுவதுண்டு: “தொழிற்சாலை நடுவே பிறந்துவிட்டு விலங்கியல் எதற்கு?” இவ்வினாவிற்கு முன்னெல்லாம் யான் வாளா இருப்பேன். இப்பொழுது கூறும் விடை உளது. கணக்கும் ஆங்கிலமும் கணினியும் எனக்கும் வேண்டும், அவற்றை விடேன், புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுத்துள்ளேன். அவை என் ஐந்து. செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் மழைக்காலத்து வரும் பறவைகளையும், தொழிற்சாலை மதிலோரத்தில் இன்னும் வாழும் ஓணான்களையும் எண்ணிக் குறித்து வைப்பது என் ஒன்று. மண்ணெல்லாம் தொழிற்சாலையான இடத்தில், மண்ணில் எஞ்சியுள்ளவற்றை அறிந்தானொருவன் ஒருநாள் வேண்டப்படுவான் என்று நம்புகின்றேன். வேண்டப்படாவிடினும் ஐந்து என்னைத் தாங்கும்.

உடன் பயிலும் நண்பர்காள்! நம்முன் பல வாயில்கள் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் ஒரு வாயிலின்முன் கூட்டம் நெரிகின்றது. கூட்டம் செல்லும் வழியை இகழ வேண்டா. அவ்வழியில் வலிமை உண்டு என்பதனாலேயே கூட்டம் செல்கின்றது. கூட்டத்தை வணங்கவும் வேண்டா. அது பெருகிய அன்றே அதன் மாற்றும் பிறந்துவிடும். அதனைக் கூர்ந்து நோக்குங்கள்; எண்ணுங்கள்; அதில் இல்லாத ஒன்று எது என்று தேடுங்கள். அங்ஙனம் கண்ட ஒன்றினை உங்கள் ஆறனுள் ஒன்றாகத் துணிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆமைக்கும் அணிலுக்கும் உரிய நாள் ஒன்று உண்டு. அந்நாள் வரும்பொழுது அவை நம் அணியில் இருத்தல் வேண்டும்.